ஹவுஸ் சர்ஜன் முடித்து ஒரு வருட இடைவெளி: வேலூரில் இருந்தபடியே மருத்துவத்தின் நிர்வாக, வணிகப் பக்க வேலை தேடுவது எப்படி?

கேள்வி இது: "வேலூரில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டேன். சிஆர்ஆர்ஐ (ஹவுஸ் சர்ஜன் பயிற்சி) இன்னும் சில மாதங்களில் முடிகிறது. பிஜி சேரும் முன் ஒரு வருடம் எடுத்துக்கொண்டு மருத்துவமனை நிர்வாகம், இன்சூரன்ஸ், ஹெல்த் ஸ்டார்ட்அப் போன்ற வணிகப் பக்கத்தில் வேலை பார்க்க ஆசை. எம்பிஏ கிடையாது, சிபாரிசு செய்ய ஆளும் கிடையாது. எங்கே தொடங்குவது?"

வேலை விளம்பரங்களைப் பார்த்துத் தொடங்கினால் பாதி வருடம் அதிலேயே போய்விடும். எம்பிபிஎஸ் மட்டும் முடித்தவரை நிர்வாகப் பக்கம் எடுக்கக்கூடிய இடங்கள் விளம்பரம் கொடுப்பது குறைவு. கொடுத்தாலும் எம்எச்ஏ (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் பட்டம்) அல்லது எம்பிஏவும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். அதற்குப் பதிலாக, வேலூரைச் சுற்றியுள்ள 30 முதல் 100 கட்டில் வரை கொண்ட ஒரு மருத்துவமனைக்குள் போய், ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்து எண்ணோடு எழுதிக் கொடுங்கள். அந்த நாலு பக்க அறிக்கையைத்தான் அடுத்த இடத்தில் உங்கள் அனுபவம் என்று காட்டப்போகிறீர்கள். அதைச் செய்யும் முறையையும், எங்கெங்கே தவறிப்போகும் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

முதலில் தேதிகளைக் கட்டுங்கள்

படிப்பின் நடுவே இடைவெளி எடுப்பதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2023 இளநிலை மருத்துவக் கல்வி விதிகளின்படி, சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்கு மேல் எம்பிபிஎஸ் படிப்பில் தொடர முடியாது. நடுவில் விட்ட வருடம் அந்தக் கணக்கிலேயே கழியும். சிஆர்ஆர்ஐ நடக்கும்போது வெளியே சம்பள வேலை பார்ப்பதும் கூடாது. அப்போது கையில் இருப்பது தற்காலிகப் பதிவுதான், அது பயிற்சிக்கு மட்டுமே கொடுக்கப்படுவது. 12 மாதத்தில் 15 நாள்தான் விடுப்பு. அதையும் நேர்காணலுக்குச் செலவழித்துவிட்டால் காய்ச்சல் வரும் வாரத்தில் பயிற்சி நீண்டுவிடும்.

ஆகவே வேலை தொடங்கும் நாள், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு கைக்கு வந்த நாள். சிஆர்ஆர்ஐ நிறைவுச் சான்று, பல்கலைக்கழகப் பட்டச் சான்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் காகிதங்கள் இதற்குத் தேவை என்பதால் கடைசிப் போஸ்டிங்கிலேயே கல்லூரி அலுவலகத்தில் எது எப்போது வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முதுநிலைச் சேர்க்கைக்கான நீட் பிஜி. 2024-இல் ஆகஸ்ட் 11, 2025-இல் ஆகஸ்ட் 3 என்று தேர்வு நடந்தது. மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களுக்கான ஐஎன்ஐ-செட் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. முழுநேர வேலையும் முழுநேரத் தேர்வுப் படிப்பும் ஒரே ஆறு மாதத்தில் ஒன்றாக நடக்காது, இதில் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். ஒன்று, தேர்வை முதலில் எழுதிவிட்டு, ராங்க் சரியில்லை என்றால் உடனே வேலைக்குப் போய் அடுத்த ஜனவரி வரை பாருங்கள். அல்லது சிஆர்ஆர்ஐ முடிந்தவுடன் ஆறு மாதம் வேலை, பிறகு வெளியே வந்து படிப்பு. எதைத் தேர்ந்தாலும் வெளியேறும் தேதியை இப்போதே எழுதி வையுங்கள், முதலாளியிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். "எட்டு மாதம் இருப்பேன்" என்று நேராகச் சொல்கிறவரைச் சிறிய மருத்துவமனைகள் ஏற்றுக்கொள்ளும். மூன்றாம் மாதம் திடீரென்று நிற்பவரைத்தான் பொறுக்காது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) ஸ்பான்சர்ஷிப் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மிஷன் மருத்துவமனையில் 2 ஆண்டுப் பணிக் கடமை இருக்கிறது. அவர்களுக்குத் தனியாக இடைவெளி வருடமே தேவையில்லை என்பது என் எண்ணம். கிராமப்புற மிஷன் மருத்துவமனையில் மருந்து கொள்முதல், முதல்வர் காப்பீட்டுத் திட்டக் கிளைம், ஊழியர் டியூட்டி ரோஸ்டர் எல்லாம் இரண்டு மூன்று டாக்டர்கள் தலையில்தான் விழும். வேண்டாம் என்று மற்றவர்கள் ஒதுங்கும் அந்த வேலையை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். வெளியே போய்த் தேடும் அனுபவம் அங்கேயே கிடைக்கும்.

வேலூரில் எங்கே கதவு திறக்கும்

சிஎம்சி போன்ற பெரிய நிறுவனத்தில் நிர்வாகத்துக்கென்றே துறைகளும் ஆட்களும் உண்டு. வெளியிலிருந்து வரும் புதியவருக்கு முடிவெடுக்கும் மேசையின் அருகே இடம் கிடைக்காது. ஒரு ஓரத்தில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கலாம், அவ்வளவுதான். ஐம்பது கட்டில் நர்சிங் ஹோம் அப்படி இல்லை. உரிமையாளர் டாக்டர் காலையில் ஆபரேஷன் செய்வார், மாலையில் ஓபி பார்ப்பார், இரவு பத்து மணிக்கு அன்றைய பில் புத்தகத்தைப் புரட்டுவார். கணக்கை வீட்டம்மா பார்ப்பார், பார்மசியை மைத்துனர் பார்ப்பார். எங்கே பணம் நிற்கிறது என்று உட்கார்ந்து யோசிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆரணி எங்கும் இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. உங்களுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

என்ஏபிஎச் என்ற மருத்துவமனைத் தர அங்கீகாரத்துக்கு முயலும் மருத்துவமனைகளில் குவாலிட்டி பிரிவு இருக்கும். அங்கே பெரும்பாலும் நர்சிங் அல்லது எம்எச்ஏ படித்தவர் ஒருவர் தனியாகத் திண்டாடிக்கொண்டிருப்பார். கேஸ் ஷீட் ஆடிட், ஆன்டிபயாட்டிக் பயன்பாடு, அறுவை சிகிச்சைத் தொற்று விகிதம் போன்றவற்றை மருத்துவம் தெரிந்த ஒருவர் பார்த்தால்தான் சரியாக வரும். டியூட்டி டாக்டராகச் சேர்ந்து வாரத்தில் இரண்டு நாள் குவாலிட்டிக்கு என்று பேசிக்கொள்வது நடைமுறையில் எளிதாக ஒத்துவரும் ஏற்பாடு.

தொழிற்சாலைப் பக்கத்தை நம் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், ஷூ தொழிற்சாலைகள், ராணிப்பேட்டையில் சிப்காட், பெல் என்று ஒரு முழுத் தொழில் வட்டமே நம்மைச் சுற்றி இருக்கிறது. ஆலை மருத்துவ அலுவலர் வேலைக்கு ஏஎஃப்ஐஎச் என்ற மூன்று மாதத் தொழில்சார் சுகாதாரப் படிப்பைக் கேட்பார்கள். அது இல்லாவிட்டாலும், ஏற்கெனவே இருக்கும் மருத்துவ அலுவலருக்கு உதவியாகச் சேர்ந்து, நோய்விடுப்புப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். எந்தப் பிரிவில், எந்த மாதத்தில், எந்தக் காரணத்துக்கு ஆள் வராமல் போகிறது என்பதைப் பிரித்துக் காட்டுவது தொழிற்சாலைக்குப் பணம் சம்பந்தப்பட்ட விஷயம், தொழிலாளிக்கு உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். தோல் பதனிடும் இடத்தில் குரோமியத்தால் வரும் தோல் அழற்சியும், கழிவுநீர்த் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் என்ன செய்யும் என்று தெரிந்த ஒருவர் அந்தப் பதிவேட்டைப் படிப்பதும், எச்ஆர் அலுவலர் படிப்பதும் ஒன்றாகாது.

விஐடியில் தொழில்நுட்பத் தொழில் காப்பகம் இருக்கிறது. மருத்துவக் கருவி செய்ய முனையும் பொறியாளர்களுக்கு வார்டு தெரியாது. இரவு டியூட்டியில் ஒரு சிஸ்டர் எத்தனை நோயாளியைப் பார்க்கிறார், சார்ஜ் போடப் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது, கையுறை போட்ட கையால் டச் ஸ்கிரீன் வேலை செய்யுமா என்பதெல்லாம் அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டியவை. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-ஐயும், அதில் ஏ முதல் டி வரையுள்ள நான்கு ஆபத்து வகைகளையும் ஒரு வார இறுதியில் படித்துவிட்டுப் போனால் பேச்சு வேறு தளத்தில் நடக்கும். இங்கே சம்பளம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். அதனால் வாரம் ஒரு நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

அரசுப் பக்கம், மாவட்ட நலவாழ்வு சங்கத்தின் ஒப்பந்தப் பணி அறிவிப்புகளைப் பாருங்கள். பழைய வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது, வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. அதனால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்ட இணையதளங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மாவட்டத் தர ஆலோசகர் போன்ற பதவிகளுக்கு மேற்படிப்பும் அனுபவமும் கேட்பார்கள். நகர்ப்புற நலவாழ்வு மைய மருத்துவ அலுவலர் பணிக்கு எம்பிபிஎஸ் போதும். அறிவிப்புகளில் அதற்கு மாதம் 60,000 ரூபாய் என்று வந்திருக்கிறது. தனியார் ஒருவர் நிர்வாக வேலைக்கு என்ன தருகிறார் என்று எடைபோட அந்த எண்ணை மனதில் வையுங்கள்.

எந்தப் பிரச்சினையை எடுப்பது

நல்ல பிரச்சினைக்கு மூன்று குணம் வேண்டும்: பதிவேட்டில் ஏற்கெனவே தகவல் இருக்க வேண்டும், காரணம் தெரிய மருத்துவ அறிவு தேவைப்பட வேண்டும், முதலாளிக்கு அது இரவில் உறக்கத்தைக் கெடுப்பதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேரும் இடம் இன்சூரன்ஸ் கிளைம். முதல் ப்ராஜெக்டாக அதைத்தான் சொல்வேன்.

கடந்த ஆறு மாதத்தில் பணம் வந்து முடிந்த கிளைம்களில் 150 முதல் 200 எடுங்கள். எக்ஸெலில் ஒரு வரிசைக்கு ஒரு கிளைம். பத்திகள் இவை: பில் தொகை, முன் அனுமதித் தொகை, இறுதி அனுமதித் தொகை, வங்கியில் வந்த தொகை, பிடித்த டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி), ஒப்பந்தத் தள்ளுபடி, கழித்த தொகை, கழித்த காரணம், ஃபைல் அனுப்பிய தேதி, பணம் வந்த தேதி. நோயாளி பெயர், போன் எண், ஆதார் எதையும் ஏற்றாதீர்கள். வரிசை எண் மட்டும் போதும். அந்த எண்ணுக்கும் ஐபி (உள்நோயாளி) எண்ணுக்கும் உள்ள தொடர்புப் பட்டியல் மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கட்டும், உங்கள் லேப்டாப்பில் வேண்டாம்.

இதில் புதியவர்கள் எல்லோரும் இடறும் கல் ஒன்று உண்டு. டிபிஏ (இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகக் கிளைமைக் கையாளும் இடைநிறுவனம்) பணம் அனுப்பும்போது 10% டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட தள்ளுபடியும் கழியும். பில்லில் இருந்து வங்கி வரவைக் கழித்துவிட்டு "இத்தனை லட்சம் நஷ்டம்" என்று எழுதினால், ஆடிட்டர் ஒரே நிமிடத்தில் அறிக்கையை மூடிவைத்துவிடுவார். டிடிஎஸ் நஷ்டமல்ல, வரிக் கணக்கில் திரும்பி வரும் பணம். அதையும் தள்ளுபடியையும் ஒதுக்கிய பிறகு எஞ்சுவதுதான் உண்மையான கழிவு.

அந்தக் கழிவைக் காரணவாரியாகப் பிரியுங்கள். பாலிசியில் பணம் தராத பொருள்கள் என்று இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐயின் பட்டியலில் இருப்பவை ஒரு வகை. இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லி வசூலிக்க வேண்டும், டிஸ்சார்ஜ் நேரத்தில் சொன்னால் சண்டைதான் வரும். பாலிசி அனுமதிக்கும் வாடகையை விட உயர்ந்த அறையில் படுத்ததால் மற்றச் செலவுகளிலும் விகிதப்படி வெட்டுவது இரண்டாவது வகை. அட்மிஷன் மேசையில் ஒரு கேள்வி கேட்டால் இதைத் தடுக்கலாம். இம்ப்ளான்ட் ஸ்டிக்கரோ இன்வாய்ஸோ வைக்காதது மூன்றாவது. நான்காவதுதான் உங்களுக்கென்றே காத்திருப்பது: கேஸ் ஷீட்டில் முரண்பாடு. கேஷுவாலிட்டியில் "சர்க்கரை நோய் 10 வருடம்" என்று எழுதியிருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரியில் "1 வருடம்" என்று இருக்கும். பாலிசி எடுத்தது இரண்டு வருடம் முன்பாக இருந்தால், முன்பே இருந்த நோயை மறைத்தார்கள் என்ற கேள்வி எழும், ஃபைல் நின்றுவிடும். அட்மிஷன் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஆதாரமான அளவீடுகள், அதாவது ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், வாந்தி எத்தனை முறை என்பவை, எழுதப்படாமல் விட்டதால் "ஓபியிலேயே பார்த்திருக்கலாம்" என்று மறுப்பதும் இதே வகை. பில்லிங் கிளார்க்கால் இதைக் கண்டுபிடிக்க முடியாது, நீங்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முரண்பாட்டைக் கண்டதும் பழைய கேஸ் ஷீட்டைத் திருத்தும்படி யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், அது போலி ஆவணம். உங்கள் வேலை இனி வரும் ஷீட்டை முதல் நாளிலேயே சரியாக எழுத வைப்பது. ஹவுஸ் ஆபீசர்களுக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் ஒரு பக்க நினைவுத்தாள், அட்மிஷன் மேசையில் மூன்று கேள்வி, அவ்வளவுதான் தீர்வு. அதைப் போட்டு இரண்டு மாதம் கழித்து மீண்டும் 60 கிளைம் எடுத்து அளந்தால், முன்பு பின்பு என்று காட்ட எண் கிடைத்துவிடும்.

கிளைம் ஃபைல்களைக் காட்டத் தயங்கும் இடங்களில் டிஸ்சார்ஜ் தாமதத்தை எடுங்கள். 100 டிஸ்சார்ஜுக்கு ஆறு நேரங்களைக் குறிக்க வேண்டும்: டாக்டர் போகலாம் என்று சொன்னது, சம்மரி டைப் முடிந்தது, கன்சல்டன்ட் கையெழுத்து, மீதி மருந்து பார்மசிக்குத் திரும்பியது, பில் முடிந்தது, நோயாளி கட்டிலை விட்டது. இன்சூரன்ஸ் நோயாளிக்கு இறுதி அனுமதி நேரமும் சேரும். டிஸ்சார்ஜ் அனுமதியை இன்சூரன்ஸ் நிறுவனம் 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருப்பதால், தாமதம் மருத்துவமனைக்குள்ளா வெளியிலா என்று இதில் தெளிவாகப் பிரித்துவிடலாம். பணம் கட்டுவோர், இன்சூரன்ஸ், முதல்வர் காப்பீட்டுத் திட்டம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். கலந்தால் ஒன்றும் தெரியாது. சராசரி எடுக்காதீர்கள், இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள். அனுமதி வராமல் ஒரு ராத்திரி தங்கிவிட்ட இரண்டு பேர் சராசரியை இழுத்துவிடுவார்கள்.

காரணம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். ரவுண்ட்ஸ் முடிந்த பிறகுதான் சம்மரி தொடங்குகிறார்கள், அதற்குள் கன்சல்டன்ட் தியேட்டருக்குப் போய்விடுகிறார். அல்லது திரும்பிய மருந்தைப் பார்மசியில் வரவு வைக்கும் வரை பில் மூட முடியவில்லை. முந்தின நாள் மாலையே சம்மரி வரைவு, காலை 8 மணிக்குள் மருந்து ரிட்டர்ன் என்ற இரண்டே மாற்றத்தை இரண்டு வாரம் ஒரு வார்டில் மட்டும் செய்து பாருங்கள்.

இங்கே பணக் கணக்கில் நேர்மை வேண்டும். தினம் 10 டிஸ்சார்ஜ், ஒவ்வொன்றிலும் 2 மணி நேரம் மிச்சம் என்றால் 20 கட்டில்-மணி என்று பெருக்கி, அதை வாடகையால் பெருக்கி லட்சக்கணக்கில் எழுதத் தோன்றும். கட்டிலுக்காக ஆட்கள் காத்திருக்கும் மருத்துவமனையில்தான் அந்த மணிக்கு விலை உண்டு. கட்டில் நிரம்பல் 55% என்றால் மிச்சமான மணி நேரத்துக்கு ரூபாய் மதிப்பு கிடையாது. வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் குடும்பத்தின் அலைச்சல் குறையும், அதுவும் நல்ல காரணம்தான், அதை அப்படியே எழுதுங்கள். நிரம்பலைக் கணக்கிட, அந்த மாதம் நோயாளிகள் தங்கிய மொத்த நாள்களை, கட்டில் எண்ணிக்கையை மாத நாள்களால் பெருக்கி வந்த எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அனுபவமுள்ள முதலாளி அறிக்கையில் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

மூன்றாவதாகப் பார்மசி இருப்பு. ஏபிசி (செலவுத் தொகைப்படி), விஇடி (எவ்வளவு அவசியம் என்பதன்படி) என்ற இரண்டு பிரிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், விலை குறைவு ஆனால் உயிர்காக்கும் மருந்து எது அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் முடிகிற வேலை. தனி ப்ராஜெக்டாக இல்லாமல் மற்றதோடு சேர்த்துச் செய்யலாம்.

எப்படிக் கேட்பது

ரெஸ்யூமேயை மெயிலில் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். நேரில் போங்கள், ஓபி முடியும் நேரம் பார்த்து. உங்கள் கல்லூரி சீனியர், ஐஎம்ஏ (இந்திய மருத்துவச் சங்கம்) கிளைக் கூட்டத்தில் பார்த்த டாக்டர், போஸ்டிங்கில் தெரிந்த மெடிக்கல் ரெப் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லி அறிமுகம் வாங்க முடிந்தால் நல்லது. ரெப்களுக்கு எந்த மருத்துவமனையில் யார் முடிவெடுக்கிறார் என்பது அத்துப்படி. சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம்: "சார், நான் சிஆர்ஆர்ஐ முடித்துவிட்டேன், எட்டு மாதம் கையில் இருக்கிறது. உங்கள் இன்சூரன்ஸ் கிளைமில் எவ்வளவு கழிகிறது, ஏன் என்று ஆறு வாரத்தில் எழுதித் தருகிறேன். இரவு டியூட்டியும் பார்க்கிறேன், சம்பளத்தை டியூட்டிக்கு மட்டும் கொடுங்கள்." டியூட்டி டாக்டர் பற்றாக்குறை எல்லா இடத்திலும் இருப்பதால், அந்தக் கடைசி வாக்கியம்தான் கதவைத் திறக்கும். ஆறு வாரத்துக்குப் பிறகும் நிர்வாக வேலைக்குப் பணம் தராமல் இழுத்தால், அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். இலவசமாக ஒரு முறைதான் செய்ய வேண்டும்.

முதல் நாளிலேயே பில்லிங், இன்சூரன்ஸ் மேசையில் இருப்பவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். டாக்டர் வந்து தப்புக் கண்டுபிடிக்கிறார் என்று அவர்கள் நினைத்துவிட்டால் உங்களுக்கு ஒரு ஃபைலும் கிடைக்காது. அறிக்கையில் ஆள் பெயர் வரக்கூடாது, மேசையின் பெயர்கூட அவசியமில்லை. எந்தப் படியில் நிற்கிறது என்பது போதும். வேலை தெரிந்த அக்கா ஒருவர் அங்கே பதினைந்து வருடமாக இருப்பார். அவர் சொல்லிக் கொடுத்ததை அறிக்கையில் அவர் பெயரோடு நன்றி சொல்லி எழுதுங்கள், அது நியாயமும்கூட.

எக்ஸெலில் பிவட் டேபிள், எக்ஸ்லுக்அப், தேதி நேரக் கழித்தல் மூன்றும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். என்பிடிஇஎல் தளத்தில் மேலாண்மைப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று கட்டணம் வாங்கும் ஆன்லைன் ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட் சான்றிதழ்களை இந்த வருடத்தில் வாங்க வேண்டாம். முடித்த ஒரு வேலைக்கு இருக்கும் மதிப்பு அதற்கு இல்லை.

சென்னை, பெங்களூரு

முதல் அறிக்கை கையில் வந்த பிறகு இந்தப் பக்கம் திரும்புங்கள். காட்பாடியில் இருந்து சென்னை ரயிலில் சுமார் 130 கிலோமீட்டர், பெங்களூருவும் சில மணி நேரப் பயணம்தான். இரண்டு ஊர் நேர்காணலுக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். சென்னையில் ஹெல்த் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கிளைம் பரிசீலனைக்கு எம்பிபிஎஸ் டாக்டர்களை எடுக்கின்றன. ஸ்டார் ஹெல்த்தின் தலைமையகமே அங்கேதான். மருத்துவமனைப் பக்கம் கிளைம் பார்த்தவர் இந்தப் பக்கம் வந்தால் இரண்டு கரையும் தெரிந்தவர் ஆகிறார். பார்மகோவிஜிலன்ஸ் (மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு), மருத்துவ ஆய்வு நிறுவனங்களில் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகள் 2019 பற்றிக் கேட்பார்கள். தீவிர பக்கவிளைவை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது போன்ற அடிப்படைகள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். பெரிய ஆலோசனை நிறுவனங்களில் எம்பிஏ இல்லாமல் நேரடி நுழைவு அரிது. அதற்காக மாதக்கணக்கில் கேஸ் இன்டர்வியூ பயிற்சி எடுப்பதை விட, எம்பிஏ ஆசை உண்மையானதா என்று இந்த வருடத்தில் பார்த்துவிட்டு நவம்பரில் எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதுவது தெளிவான வழி. மெடிக்கல் கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் பில்லிங் குறியீடு போடுவது) பெரும்பாலும் லைஃப் சயன்ஸ் பட்டதாரிகளுக்கான வேலை, எம்பிபிஎஸ் படித்தவர் அதில் போய் நிற்க வேண்டியதில்லை.

பதிவு எண்ணும் கையெழுத்தும்

ஸ்டார்ட்அப்களும் புதிய கிளினிக் தொடர்களும் "மெடிக்கல் டைரக்டர்" என்று பட்டம் கொடுத்து, வாரம் இரண்டு மணி நேர வேலைக்கு நல்ல தொகை தருவதாகச் சொன்னால் நின்று யோசியுங்கள். அவர்களுக்குத் தேவை உங்கள் மூளையல்ல, உங்கள் பதிவு எண். நீங்கள் பார்க்காத நோயாளியின் பிரிஸ்கிரிப்ஷனில், நீங்கள் போகாத லேபின் ரிப்போர்ட்டில், நீங்கள் உட்காராத கிளினிக்கின் உரிமத்தில் உங்கள் பெயர் போகும். ஏதாவது நடந்தால் மருத்துவக் கவுன்சில் முன் நிற்பது நீங்கள்தான். டெலிமெடிசின் செய்வதாக இருந்தால் 2020 மார்ச் வழிகாட்டுதல்களை முழுக்கப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வேலூருக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று தொலைவில் இருந்து வரும் நோயாளிகளைச் சுற்றி லாட்ஜ், ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை, வழிகாட்டி என்று ஒரு பெரிய வியாபாரம் காந்தி ரோட்டிலும் ஆற்காடு ரோட்டிலும் நடக்கிறது. "நோயாளி வழிகாட்டல் சேவை" என்று உங்களை அழைப்பவரின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நோயாளியிடம் வெளிப்படையாகக் கட்டணம் வாங்கினால் அது சேவை. ஆள் அனுப்பியதற்கு ஸ்கேன் சென்டரோ மருத்துவமனையோ தரும் கமிஷன் என்றால், 2002 மருத்துவர் நடத்தை விதிகள் அதை நேரடியாகத் தடை செய்கின்றன. 2023-இல் வந்த புதிய விதிகள் அதே ஆகஸ்டில் நிறுத்திவைக்கப்பட்டதால் 2002 விதிகளே நடப்பில் உள்ளன. கையில் இருக்கும் நிலத்தை விற்றுவிட்டு இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வருகிற குடும்பத்தின் பணத்தில் இருந்துதான் அந்தக் கமிஷன் போகிறது. அதில் ஒரு ரூபாயும் நம் கைக்கு வரக்கூடாது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், அட்டெஸ்ட் செய்த நகல் போதும். நோட்டீஸ் காலம் 30 நாளுக்கு மேல் இருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். கவுன்சலிங்கில் இடம் கிடைத்துச் சேர வேண்டிய கடைசித் தேதி சில நாளில் வந்துவிடும், அப்போது மூன்று மாத நோட்டீஸும் சம்பளப் பிடித்தமும் கழுத்தைப் பிடிக்கும்.

சம்பளமாகக் கொடுக்கிறார்களா, புரொஃபஷனல் ஃபீஸாகக் கொடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபீஸ் என்றால் 10% பிடித்துத்தான் தருவார்கள். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரி வராது என்பதால், ரிட்டர்ன் போட்டால் பிடித்த பணம் திரும்ப வந்துவிடும். ரிட்டர்ன் போடாமல் விடுகிறவர்கள்தான் அதை இழக்கிறார்கள். நோயாளியைப் பார்ப்பதற்கு ஜிஎஸ்டி கிடையாது, நிறுவனத்துக்கு ஆலோசனை அறிக்கை எழுதுவது அந்த விலக்கில் வராது. ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும்.

வாரத்தில் ஒரு இரவு டியூட்டியையாவது எந்த நிலையிலும் விடாதீர்கள். ஒரு வருடம் நோயாளியைத் தொடாமல் இருந்தவருக்கு பிஜி முதல் மாதம் மிகக் கடினமாக இருக்கும், வெளிநாடு போக நினைப்பவரிடம் அண்மைக்கால மருத்துவப் பணிச் சான்று கேட்பார்கள். ஆகவே வெளியேறும்போது இரண்டு தனிக் கடிதம் வாங்குங்கள்: டியூட்டி டாக்டராக எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம் என்று ஒன்று, நிர்வாகப் பக்கம் என்ன அளந்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று எண்ணோடு இன்னொன்று. முன்பு பின்பு எண்களை வெளியே காட்ட எழுத்துப்பூர்வ அனுமதியையும் அந்த இரண்டாவது கடிதத்திலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.